ஐந்து கோட்டை, மூன்று நாள், கூடவே அம்மா

கேள்வி: 2025 மார்ச் 9

பாரிஸிலிருந்து ஏப்ரல் கடைசியில் நானும் அம்மாவும் தெற்கே போகிறோம். நார்போன் வரை ரயில், அங்கிருந்து வாடகைக் கார், கோர்பியேர் மலைகளில் மூன்று நாள். கேரிபுஸ், பெய்ர்பெர்த்தூஸ், பியிலோரன், தெர்ம், அகிலார் ஆகிய ஐந்து கதார் கோட்டைகளையும் (இடைக்காலத்தில் திருச்சபை புறச்சமயம் என்று எரித்தொழித்த கிறிஸ்தவப் பிரிவினர் கதார்கள்) பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு, சைவம், ஒயின் வாடையே ஆகாது. சரிப்படுமா?

மார்ச் 9, இரவு

சரிப்படாது. வரைபடத்தில் அருகருகே தெரியும் இந்த ஐந்தும் மலைச்சாலையில் ஒன்றுக்கொன்று எட்டாதவை. வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டும். எதிரே டிராக்டர் வந்தால் பின்னோக்கி ஓட்டி ஒதுங்க இடம் தேட வேண்டும். கிலோமீட்டரை வைத்து நேரம் கணக்கிடாதீர்கள். ஐந்தையும் ஏறிவிட்டு ஊர் திரும்பினால் எந்தப் படம் எந்தக் கோட்டை என்றே உங்களுக்குத் தெரியாது.

இரண்டு போதும்: கேரிபுஸ், பெய்ர்பெர்த்தூஸ். இரண்டுக்கும் நடுவே கூக்கூஞ்ஞான் என்ற ஊர் இருக்கிறது. ஒரு குன்றைச் சுற்றிக் கல்வீடுகள், மேலே ஒரு காற்றாலை. அது வெறும் காட்சிப் பொருள் இல்லை. மாவு அரைக்கிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள். அங்கே அறை எடுங்கள். நீங்கள் கோட்டை ஏறும் நேரத்தில் அம்மாவுக்குப் பொழுது போகும். ஊர்த் தேவாலயத்தில் வயிறு மேடிட்ட மாதாவின் சிலை இருக்கிறது. கையில் குழந்தையோடு நிற்கும் மாதா எல்லா ஊரிலும் உண்டு. கர்ப்பிணி மாதாவைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கேரிபுஸ் 728 மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பாறை முனையில் நிற்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து ஏற வேண்டிய தூரம் குறைவுதான், ஆனால் செங்குத்து, நிழல் கிடையாது. பெய்ர்பெர்த்தூஸ் பாதை பாறையின் வடபுறமாகப் புதர்க்காட்டுக்குள் சுற்றிப் போகும். முழங்காலுக்கு அது கொஞ்சம் இரக்கம் காட்டும். உள்ளே போன பிறகு அந்த இரக்கம் இல்லை. சான் ஜோர்தி என்ற மேல்கோட்டைக்குப் போகப் பாறையிலேயே வெட்டிய படிக்கட்டு. ஒன்பதாம் லூயி மன்னர் 1242இல் கட்டளையிட்டு வெட்டுவித்தது. மழை பெய்திருந்தால் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவதே புத்தி.

மார்ச் 10

செருப்போடு போகாதீர்கள். பல நூற்றாண்டுகளாகக் கால் பட்டுத் தேய்ந்த சுண்ணாம்புக் கல் வெயில் நாளிலும் வழுக்கும்.

மார்ச் 12

லியோனிலிருந்து எழுதும் நண்பர், "கதார் மக்கள் கட்டிய கோட்டைகளை அரசாங்கம் இவ்வளவு நன்றாகப் பாதுகாக்கிறதே" என்று நெகிழ்ந்திருக்கிறார். நெகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டியிருக்கிறது. கதார் சமயத்தார் கோட்டை கட்டியவர்கள் இல்லை. உயிர்க்கொலை கூடாது, சத்தியம் செய்யக் கூடாது, உடைமை சேர்க்கக் கூடாது என்று வாழ்ந்த துறவிகளும் அவர்களை மதித்த ஊர்க்காரர்களும்தான் அவர்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த பிரபுக்களிடம் பழைய கோட்டைகள் இருந்தன. அவற்றில் மிஞ்சியது கொஞ்சமே. இன்று நாம் படம் பிடிக்கும் மதில்களில் பெரும்பகுதி, அந்தப் பிரபுக்களைத் தோற்கடித்த பிரெஞ்சு அரசர் பின்னர் எழுப்பியது.

காரணம் எல்லை. 1258இல் கோர்பேயில் ஒன்பதாம் லூயிக்கும் அரகோன் மன்னர் முதலாம் ஹைமேக்கும் உடன்படிக்கை ஆனது. அதன்பின் எல்லை இந்த மலைகளுக்குத் தெற்கே ஓடியது. மோரி பள்ளத்தாக்கை மேலிருந்து கண்காணிக்க ஒரு வரிசைக் கோட்டைகள் தேவைப்பட்டன. கார்கசோன் கோட்டை நகரம் தாய், இவை ஐந்து பிள்ளைகள் என்ற பேச்சு அந்தக் காவல் ஏற்பாட்டிலிருந்து வந்தது. 1659இல் பிரனே உடன்படிக்கை எல்லையை மலைத்தொடரின் முதுகுக்கே தள்ளிவிட்டது. தெற்கேயிருந்த ரூசியோன் பகுதி முழுவதும் பிரான்சுக்கு வந்தது. கோட்டைகளுக்கு வேலை போயிற்று. யாரும் பீரங்கி வைத்து இடிக்காமலே பெரும்பாலானவை பாழடைந்தன.

அப்படியானால் சாலை நெடுகப் பழுப்புப் பலகையில் "கதார் நாடு" என்று எழுதியிருப்பது ஏன்? கட்டியவனின் பெயரைவிட எரிக்கப்பட்டவனின் பெயர் அதிக டிக்கெட் விற்கும். இதைச் சொல்ல வரலாற்றுப் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் யுனெஸ்கோ பட்டியலுக்கு விண்ணப்பித்தபோது பலகை வைத்தவர்களே "லாங்தோக்கின் அரச கோட்டைகள்" (லாங்தோக் இந்தத் தென்பகுதியின் பழைய பெயர்) என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள்.

மார்ச் 13

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு "அப்படியானால் போவதில் அர்த்தம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. கேரிபுஸின் உச்சிக்கூடத்தில் ஒற்றைத் தூண் நின்று கோத்திக் வளைவுகளைத் தாங்குகிறது. சன்னல் வழியாகத் தெற்கே கனிகூ சிகரம் தெரியும், கிழக்கே கடல் தெரியும். அதைப் பார்க்கக் கதார் தேவையில்லை.

மார்ச் 15

தெர்ம் கோட்டையை ஏன் விட்டுவிட்டீர்கள் என்கிறார் ஒருவர். பார்க்க அங்கே மிஞ்சியது குறைவு என்பதால். 1653, 1654 வாக்கில் அரசே வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. ஆனால் கதை கேட்க இந்தப் பகுதியிலேயே சிறந்த இடம் அதுதான்.

1210 ஆகஸ்டில், கதார்கள்மீதான சிலுவைப் போரின் தளபதி சிமோன் தெ மோன்போர் முற்றுகையிட்டான். கோட்டைக்குச் சொந்தக்காரர் முதிய ரைமோன். முற்றுகை நான்கு மாதம் நீடித்தது. உள்ளே தண்ணீர்த் தொட்டிகள் வறண்டுவிட்டன. ஒயின் மட்டும் நிறைய இருந்தது! குடிக்கவும் அதுதான், சமைக்கவும் அதுதான். கடைசியில் சரணடையப் பேச்சு நடந்தது. மறுநாள் கதவைத் திறப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அன்றிரவு மழை கொட்டியது. தொட்டி நிறைந்தது, பேச்சு முறிந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தும் அதில் சமைத்தும் கோட்டை முழுக்க வயிற்றுக்கடுப்பு. நவம்பரில் ஓர் இரவு ஓசையில்லாமல் வெளியேறப் பார்த்தவர்கள் பிடிபட்டார்கள். நோய்க்கிருமி என்ற ஒன்றை யாரும் அறியாத காலம் அது. ஒயினோடு நின்றிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருப்பார்கள் என்று இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

இதற்கு ஒரு வால் உண்டு. ரைமோன் கார்கசோன் சிறையில் இறந்தார். அவர் மகன் ஒலிவியே நெடுநாள் அரசருக்கு எதிராகப் போராடி, பிறகு சமாதானமாகி, ஒன்பதாம் லூயியோடு கடல் கடந்து சிலுவைப் போருக்கே போனார். 1255இல் கேரிபுஸை அரசருக்குப் பிடித்துக் கொடுத்தவர் அவரேதான். துரோகி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்ற ஊரில் மிச்ச வாழ்க்கையையும் ஓட்ட வேண்டியவர் அவர்.

மார்ச் 16

கீழே ஒருவர், "எல்லோரையும் கொல்லுங்கள், கடவுள் தம்மவரை அறிவார்" என்ற கட்டளை கார்கசோனில் பிறந்தது என்று எழுதியிருக்கிறார். ஊர் கார்கசோன் இல்லை, பெசியே. நாள் 1209 ஜூலை 22, சிலுவைப் படை அந்த ஊரைப் பிடித்த நாள். அதைச் சொன்னதாகப் பேர் வாங்கியவர் போப்பின் தூதர் அர்னோ அமோரி. எழுதி வைத்தவர் அங்கே இல்லாத ஒரு ஜெர்மன் துறவி, அதுவும் பல ஆண்டு கழித்து. தூதர் சொன்னாரோ இல்லையோ, தாமே போப்புக்கு எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய 20,000 பேர் வாளுக்கு இரையானதாகத் தெரிவித்திருக்கிறார். எண் மிகையாக இருக்கலாம். ஆனால் அதைப் பெருமையாக எழுதிய கை அவருடையது. வசனத்தை விட்டுவிட்டு அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசலாம்.

மார்ச் 22

கோட்டை போதும், மடங்களுக்கு வருகிறேன். கேள்வி கேட்ட அம்மணிக்கு: முழங்கால் வலிக்காரர்களுக்கு உகந்தவை மடங்களே. தரை சமம், நிழல் உண்டு, உட்காரக் கல்மேடை உண்டு.

லக்ராஸ் ஊர் ஓர்பியூ ஆற்றங்கரையில் இருக்கிறது. 779இல் சார்லமேன் பட்டயம் கொடுத்த பெனெடிக்ட் மடம், 1303இல் கட்டிய பாலம், தூண்களில் நிற்கும் பழைய சந்தைக் கூடம். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்தை இரண்டாக வெட்டி விற்றார்கள், அந்த வெட்டு இன்னும் ஒட்டவில்லை. ஒரு பாதி மாவட்ட நிர்வாகத்திடம். கண்காட்சியும் இலக்கியக் கூட்டமும் நடக்கின்றன. மறுபாதியில் 2004 முதல் வெள்ளை அங்கித் துறவிகள் வாழ்ந்து இலத்தீனில் பாடி வழிபடுகிறார்கள். தனித்தனி வாசல், தனித்தனி டிக்கெட். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த ஊரின் குணமே அதுதான் என்று தோன்றுகிறது. பிரான்சில் சமயத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவை ஒரே மதிற்சுவரில் பார்த்துவிடலாம்.

ஃபோன்ஃப்ருவாத் நார்போனுக்குப் பக்கம். ரயில் ஏறும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். 1145இல் சிஸ்டர்சியன் துறவற சபையில் சேர்ந்த மடம். 1208இல் போப்பின் தூதர் பியேர் தெ காஸ்தெல்னோ கொலையானதுதான் கதார் மக்கள்மீது சிலுவைப் போர் தொடங்கச் சாக்காயிற்று. அவர் இந்த மடத்துத் துறவி. நூறாண்டு கழித்து இங்கே மடாதிபதியாக இருந்த ஜாக் ஃபூர்னியே பாமியே நகர ஆயராகிப் புறச்சமய விசாரணை நடத்தினார். கிராமத்து மக்களின் வாக்குமூலங்களை வரிக்கு வரி எழுதிவைத்தார். பிறகு பன்னிரண்டாம் பெனெடிக்ட் என்ற பெயரில் போப் ஆனார். இவ்வளவு ரத்தத்தின் நடுவே இருந்த கட்டடம் இத்தனை அமைதியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதாவது, பிடிக்கிறது, பிடிப்பது பிடிக்கவில்லை.

மார்ச் 23

ஃபோன்ஃப்ருவாத் பற்றி இன்னொன்று. மடத்தைக் காப்பாற்றியது பக்தி இல்லை, ஒயின் பணம். 1908இல் ஏலத்தில் எடுத்தவர் குஸ்தாவ் ஃபாயே. பெசியே பக்கத்துப் பெரிய திராட்சைத் தோட்டங்களின் வாரிசு, ஓவியர், கோகனின் ஓவியங்களை யாரும் சீந்தாத காலத்திலேயே வாங்கியவர். நூலகத்துக்குச் சுவரோவியம் தீட்ட ஒதிலோன் ரெதோனை அழைத்து வந்தார். பகல் ஒரு சுவரில், இரவு எதிர்ச் சுவரில். 1908 என்ற ஆண்டை நினைவில் வையுங்கள். ஒயின் பற்றி எழுதும்போது திரும்ப வருவேன்.

ஏப்ரல் 2

சாப்பாடு. சைவம் என்றால் மலை ஊர்களில் தட்டுக்கு வருவது ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி சாலட், முட்டை சேர்ந்தால் ஆம்லெட், மறுநாளும் அதே பாலாடைக்கட்டி. கசூலே என்ற உள்ளூர்ப் பானைக் குழம்பில் மொச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அடியில் வாத்தும் பன்றியும் இருக்கும். அம்மாவுக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

சுவையான விஷயம் என்னவென்றால், கதார் துறவிகளின் தட்டு இதைவிடக் கண்டிப்பானது. இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை, பாலாடைக்கட்டி இல்லை. புணர்ச்சியில் பிறப்பது எதுவும் ஆகாது என்பது கணக்கு. உயிர் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போகிறது என்ற மறுபிறவி நம்பிக்கையும் அவர்களுக்கு இருந்தது. மீன் மட்டும் தின்றார்கள். அது தண்ணீரில் தானாகவே உண்டாகிறது என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். ஒயினும் குடித்தார்கள்.

ஏப்ரல் 3

ஆமாம், மீன் சாப்பிட்டால் சைவம் ஆகாது. எனக்குத் தெரியும். நாற்பது பேர் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 20

ஒயின் வாடை ஆகாத அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோர்பியேர் போவதும் ஒரு வகைத் துணிச்சல். நீங்கள் மட்டும் சுவைப்பீர்கள் என்றால் ஒன்று நினைவிருக்கட்டும்: ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் உச்சவரம்பு. சுவைக்கும் இடத்தில் துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். விழுங்கிவிட்டு அந்த வளைவுகளில் ஓட்டுகிறவர்களைத்தான் நினைப்பார்கள்.

அரண்மனை முகப்புப் போட்ட தோட்டங்களை விட்டுவிட்டு ஊர்க் கூட்டுறவு ஒயின் ஆலைக்குப் போங்கள். கிராமத்தின் விளிம்பில் தேவாலயத்தைவிடப் பெரிய கட்டடம் ஒன்று நின்றால் அது அதுதான். உள்ளூரின் பழைய திராட்சை காரிஞ்ஞான். ஒரு காலத்தில் அளவுக்காக நட்டுத் தரத்தைக் கெடுத்தது என்று எல்லோரும் திட்டிய வகை. வயதான கொடியில் காய்ப்பு குறையும், சாறு அடர்த்தியாகும்; அதில் எடுத்த ஒயின் இன்று தலைநிமிர்ந்து நிற்கிறது. மலைக்குத் தெற்கே மோரியில் கறுப்புக் களிக்கல் மண், கிரெனாஷ் திராட்சை, புளிக்கும்போதே சாராயம் சேர்த்து நிறுத்திய இனிப்பு ஒயின். கண்ணாடிக் குடுவைகளில் வெயிலில் வைத்து முதிரவிடுவார்கள்.

இப்போது அந்த 1908க்கு வருகிறேன். அதற்கு முந்தைய ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். 1907. ஃபிலோக்சிரா பூச்சி பழைய கொடிகளை அழித்தபின் அளவுக்கு மீறி நட்டார்கள். சர்க்கரை கரைத்த போலி ஒயின் ஒருபுறம், அல்ஜீரியாவிலிருந்து வந்தது ஒருபுறம், விலை படுத்துவிட்டது. மார்ச் 11 அன்று அர்ஜெலியே ஊரிலிருந்து 87 பேர் நார்போனுக்கு நடந்தார்கள். முன்னால் நடந்தவர் மார்செலென் அல்பேர், காபிக்கடையும் கொஞ்சம் தோட்டமும் வைத்திருந்தவர். ஜூனில் மோன்பெலியேயில் கூடியவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். பிரதமர் கிளெமான்சோ படையை அனுப்பினார். நார்போனில் துப்பாக்கிச் சூடு, சாவுகள். உள்ளூர்ப் பையன்கள் நிறைந்த 17ஆம் காலாட்படைப் பிரிவு கலகம் செய்தது. அதே மாதக் கடைசியில் போலி ஒயினுக்கு எதிராகச் சட்டம் வந்தது. ஏறிவந்த கோட்டைகளில் போர் ஏறத்தாழ எண்ணூறு வருடப் பழசு. இந்தப் போரின் கட்டடங்கள் கூட்டுறவு ஆலைகள். அதற்குப் பழுப்புப் பலகை கிடையாது.

இதை எழுதும்போதுதான் என் சங்கடம் எனக்கே புரிகிறது. குஸ்தாவ் ஃபாயே மடத்தை வாங்கியது அடுத்த ஆண்டே. அதே ஒயின், அதே நெருக்கடி. ஒருவர் கையில் மடம் வாங்கும் அளவு பணம், இன்னொருவர் கையில் கொடிக்கம்பு. ரெதோனின் சுவரோவியத்தைப் பார்த்து நான் குறைவாக மகிழ வேண்டுமா? மகிழ்ச்சி குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மே 11

அம்மணி திரும்பி வந்து எழுதியிருக்கிறார். கேரிபுஸ் ஏறினார்கள், அம்மாவும் பாதி வரை. மறுநாள் இடிமழை, பெய்ர்பெர்த்தூஸ் வாசலை மூடிவிட்டார்கள். இடி இடித்தால் அந்த முகட்டில் யாரையும் விடமாட்டார்கள், சரியான முடிவு. பொழுதுபோகாமல் ஒரு கூட்டுறவு ஆலையில் ஒதுங்கியிருக்கிறார்கள். ஒயின் வாடை ஆகாத அம்மா, மகளை மொழிபெயர்க்கச் சொல்லி அங்கிருந்தவரிடம் கேட்ட கேள்வி: ஒரு கிலோ திராட்சைக்கு விவசாயி கையில் என்ன நிற்கும்? அந்த மனிதர் வெகுநேரம் பேசினாராம்.

சிமோன் தெ மோன்போர் பற்றி நான் எழுதிய அத்தனையையும்விட இது நல்ல கேள்வி.

மே 12

மினேர்வ் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கோர்பியேருக்கு வடக்கே மினேர்வுவா பகுதி, இரண்டு ஆறுகள் குடைந்த பள்ளத்தின் நடுவே கல்லூர். காரை மேலே விட்டுவிட்டு நடக்க வேண்டும். 1210 கோடையில் எதிர்க்கரையிலிருந்து கல்லெறியும் பொறி வைத்து ஊரின் ஒரே கிணற்றுவழியை உடைத்தார்கள். அந்தப் பொறிக்குப் பெயர் "கெட்ட அண்டை வீட்டுக்காரி". சரணடைந்தபின் மதம் மாற மறுத்த 140 பேரை எரித்தார்கள். தேவாலயத்தில் 456ஆம் ஆண்டின் பலிபீடக் கல் இருக்கிறது. நார்போன் ஆயர் ருஸ்திகுஸ் வைத்தது. சிலுவைப் போர் நடந்தபோதே அதற்கு எழுநூற்றைம்பது வயது.

வில்ரூஜ் தெர்மெனெஸ் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாலையோரம், ஏற்றமே இல்லை. லாங்தோக்கின் கடைசிக் கதார் துறவி கியோம் பெலிபாஸ்த்தை 1321இல் எரித்த ஊர். முன்னாள் மேய்ப்பர், துறவு விதியைச் சரியாகக் காக்கவும் முடியாதவர், ஒரு பெண்ணோடு வாழ்ந்தவர். கடைசி ஆள் புனிதராக இல்லாமல் இப்படி இருந்தது எனக்கு ஆறுதல்.

ஆகஸ்ட் 7

செய்தி பார்த்திருப்பீர்கள். ஆகஸ்ட் 5 மாலை ரிபோத் பக்கம் பற்றிய தீ 16,000 ஹெக்டேரைத் தின்றிருக்கிறது. பாரிஸ் நகரத்தைவிடப் பெரிய பரப்பு. சென் லோரான் தெ லா கப்ரரீஸ் ஊரில் ஒரு பெண்மணி இறந்துவிட்டார். லக்ராஸுக்கு வெகு அருகில்தான் தொடங்கியது. தயவுசெய்து இந்த வாரம் யாரும் "போகலாமா" என்று கேட்காதீர்கள்.

ஆகஸ்ட் 24

ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்டவருக்கு. வறட்சி, வெயில், காற்று. இதோடு உள்ளூர்க்காரர்கள் சொல்லும் நான்காவது காரணம் ஒன்று உண்டு: பிடுங்கிய திராட்சைத் தோட்டங்கள். உழுது வைத்த தோட்டத்தில் பச்சைக் கொடியைத் தவிர எரிய ஒன்றும் இல்லை. தீ அதன் விளிம்பில் தயங்கும். ஒயின் விற்காததால் கொடியைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று அரசு அறிவித்தது. வயதான விவசாயிகள், வாரிசு இல்லாதவர்கள், கணக்குப் பார்த்துக் கையெழுத்திட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பிடுங்கிய நிலம் சில வருடத்தில் புதராகும், புதர் காட்டோடு சேரும், நடுவில் ஊர். சென்ற வசந்தத்தில் சாலையோரம் வேரோடு குவித்துக் கிடந்த கொடிகளை நானும் பார்த்தேன்; விறகு என்று நினைத்துக் கடந்தேன்.

இந்தத் தீயைத் தோட்டங்கள் மட்டுமே தடுத்திருக்கும் என்று நான் வாதாடவில்லை. சில தோட்டங்களும் கருகின. ஆனால் மலைமேல் கல்லைக் காக்கப் பணம் தேடும் நாம், கீழே கொடியைக் காக்கும் செலவை எந்தக் கணக்கில் எழுதுகிறோம்?

அக்டோபர் 19

இப்போது கேட்கலாம், பதிலும் சொல்கிறேன். போங்கள். கேரிபுஸ், பெய்ர்பெர்த்தூஸ் பக்கம் இந்தத் தீ போகவில்லை. லக்ராஸ் ஊர் நிற்கிறது, சுற்றுமலை கறுத்திருக்கிறது. கருகிய காட்டுக்குள் நடக்காதீர்கள், மரம் விழும். குளிர்காலத்தில் கோட்டைகள் சீக்கிரம் மூடும், சில நாள் திறப்பதே இல்லை. நேரத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

அக்டோபர் 21

புகை பட்ட திராட்சையில் எடுத்த ஒயினைக் குடிக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். உடம்புக்கு ஒன்றும் ஆகாது, பிரச்சினை சுவையில். புகையிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் பழத்தோலுக்குள் இறங்கிச் சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்துகொள்ளும். பழத்தைத் தின்றால் தெரியாது. புளிக்கும்போதும் புட்டியில் முதிரும்போதும் அவிழ்ந்து, சாம்பல் வாடையாக வெளிவரும். தோலோடு ஊறவைக்கும் சிவப்பு ஒயினில் அதிகம், சாற்றை உடனே பிரிக்கும் வெள்ளையிலும் ரோசேயிலும் குறைவு. எல்லாத் தோட்டத்துக்கும் புகை போகவில்லை. பாதித்த குலைகளைத் தனியே பிரித்த ஆலைகளும் உண்டு. எனவே 2025 சிவப்பை வாங்குமுன் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள், விற்பவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். 2023, 2024 புட்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை. ஊருக்குப் பணம் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் அவற்றைப் பெட்டி பெட்டியாக வாங்கலாம்.